சாவி கொடுத்தால் சிரிக்கும் பெட்டி: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: உருளையில் பதிந்த பாட்டை ஒலிக்கும் பழைய சாவிப் பெட்டி, எடிசன் ஸ்டாண்டர்டு போனோகிராப் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. கூடவே இருபது கறுப்பு மெழுகு உருளைகள், நான்கு நீல உருளைகள். எல்லாவற்றையும் போட்டுக் கேட்கலாமா?

பதில்: பொறுங்கள். முதலில் ஒரு லென்ஸை எடுங்கள். கறுப்பிலேயே இரண்டு ரகம் உண்டு. இரண்டு நிமிடம் ஓடுவதில் அங்குலத்துக்கு 100 வரி, அதாவது முள் ஓடும் பள்ளக் கோடு. 1908-ல் வந்த ‘ஆம்பரோல்’ என்ற நான்கு நிமிட உருளையில் 200 வரி. உங்கள் பெட்டி அதற்கு முந்தியது, நான்கு நிமிடத்துக்கான பல்சக்கரமும் பிற்பாடு மாட்டவில்லை என்றால், நெருக்க வரி உருளைப் பக்கமே போகாதீர்கள். முள்ளும் வேறு. முள்ளைத் தாங்கும் ஒலிப்பெட்டியின் மேல் ‘சி’ என்று பொறித்திருந்தால் இரண்டு நிமிடத்துக்கு, ‘ஹெச்’ என்றால் நான்குக்கு. சி முள்ளை நெருக்க வரியில் இறக்கினால் உழுதுவிடும். அந்தப் பாட்டு அதோடு சரி.

நீலமும் நான்கு நிமிட ரகம்தான். 1912-ல் வந்தது, செல்லுலாய்டு. கெட்டி. ஆனால் உள்ளே பிளாஸ்டர் இருக்கிறது. ஈரம் பட்டால் ஊதும். மாட்டும்போது இறுகினால் அமுக்கித் திணிக்காதீர்கள்.

மெழுகு உருளையைத் தூக்குவதற்கென்று ஒரு முறை உண்டு. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளே விட்டு, லேசாக விரித்துத் தூக்க வேண்டும். வெளிப்புறத்தைத் தொடக் கூடாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு குளிர்காலக் காலையில், வந்தவரிடம் பெருமையடிக்கும் அவசரத்தில் உருளையை உள்ளங்கையால் பொத்தி எடுத்தேன். கைச்சூடு பட்டதும் ‘டிக்’ என்றது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கோடு. வந்தவர், “பாட்டு ஆரம்பித்துவிட்டதா?” என்று கேட்டார்.

கேள்வி: என் சேகரிப்பில் நகைச்சுவைப் பாட்டு உருளைகள்தான் அதிகம் கரகரக்கின்றன. பக்திப் பாட்டெல்லாம் புதிது மாதிரி இருக்கிறது. ஏன்?

பதில்: பக்திப் பாட்டை வாங்கி வைத்தார்கள், சிரிப்புப் பாட்டை வாங்கிக் கேட்டார்கள். முள் ஓடும் ஒவ்வொரு தடவையும் மெழுகு கொஞ்சம் தேயும். விருந்தாளி வந்தால் எதைப் போட்டிருப்பார்கள், நீங்களே யோசியுங்கள்.

இன்னொன்றும் உண்டு. 1925-ல் மைக் வைத்துப் பதிவு செய்யத் தொடங்கும் வரை, ஒலியை வாங்கும் புனலுக்கு நேராக நின்று அடித்தொண்டையில் பாட வேண்டும். மெல்லிய வாத்தியமெல்லாம் அதில் பாதி காணாமல் போய்விடும். ஆனால் வார்த்தையைக் கடித்துத் துப்பிப் பாடும் ஆளும், வாய்விட்டுச் சிரிக்கும் ஆளும் அப்படியே பதிவானார்கள். ‘அங்கிள் ஜாஷ்’ என்ற கிராமத்து வெகுளியாகப் பேசிய கேல் ஸ்டூவர்ட்டின் உருளைகளில், கதையைவிட அவர் சிரிப்புதான் பிரமாதம்.

1902-க்கு முந்தைய பழுப்பு மெழுகு கிடைத்தால் விடாதீர்கள். ஒரு பதிவிலிருந்து பல உருளைகளை அச்சில் வார்க்கும் முறை பரவாத காலம் அது. சில பதிவுப் பெட்டிகளைச் சேர்த்து வைத்து ஒரே மூச்சில் பாடுவார்கள். அத்தனை உருளைதான் கிடைக்கும். அப்புறம் மறுபடி முதலிலிருந்து. ஒரே பாடகரின் ஒரே பாட்டு என்னிடம் இரண்டு உருளையில் இருக்கிறது. ஒன்றில் சிரித்து முடித்துவிட்டு மூச்சு வாங்குகிறார். மற்றதில் பாவம், சிரிப்பே களைத்துப்போயிருக்கிறது.

கேள்வி: சில பாட்டுகளில் கறுப்பின மக்களைக் கேவலமாகக் கிண்டல் செய்கிறார்கள். இவற்றை வைத்துக்கொள்வதா, தூக்கிப் போடுவதா?

பதில்: தூக்கிப் போடாதீர்கள். ‘தி லாஃபிங் சாங்’ பாடிய ஜார்ஜ் டபிள்யூ. ஜான்சன் அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த கறுப்பினத்தவர். 1890-களில் அவர் உருளைகள் அமோகமாக விற்றன. தன்னையே கேலி செய்யும் வரிகளை, அவ்வளவு உற்சாகமாகச் சிரித்தபடி, ஆயிரக்கணக்கான தடவை பாடியிருக்கிறார். நான் இதை விருந்தாளிக்கு வேடிக்கை காட்டப் போடுவதில்லை. கேட்க வேண்டும் என்று வருகிறவரிடம் அவர் கதையைச் சொல்லிவிட்டுத்தான் முள்ளை இறக்குவேன். தேய்ந்த உருளையென்றால் அதுவும் வேண்டாம். சான்டா பார்பராவில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழக நூலகம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உருளைகளை இணையத்தில் இலவசமாகக் கேட்க வைத்திருக்கிறது.

கேள்வி: கிராமபோன் ஊசி ஒன்றை எத்தனை தட்டுக்குப் பயன்படுத்தலாம்?

பதில்: இரும்பு ஊசியென்றால் ஒரு பக்கத்துக்கு ஒன்று. கஞ்சத்தனம் பார்த்தால் தட்டு போகும்.

கேள்வி: உருளையை எந்த வேகத்தில் ஓட்டுவது?

பதில்: அச்சில் வார்த்ததற்கு நிமிடத்துக்கு 160 சுற்று. பழுப்பு மெழுகில் அந்தக் கணக்கு செல்லாது. பல உருளைகள் அதைவிட மெதுவாகப் பதிவானவை. அதற்கு என் காதுதான் கருவி. பாட்டுக்கு முன்னால் ஒருவர் பெயரையும் கம்பெனியையும் உரக்க அறிவிப்பார், கவனித்திருப்பீர்கள். வேகத் திருகைத் திருகிக்கொண்டே வாருங்கள். அந்தக் குரல் எலிக்குஞ்சு மாதிரியும் இல்லாமல், தூக்கக் கலக்கம் மாதிரியும் இல்லாமல், மீசை வைத்த ஓர் ஆள் பேசுவது போல் கேட்கிறதா? அங்கே நிறுத்துங்கள்.

கேள்வி: சாவி கொடுத்து ஓடவிட்டால் உள்ளே ‘தப், தப்’ என்று இடிக்கிறது. ஸ்பிரிங் டப்பாவை நானே திறக்கட்டுமா?

பதில்: வேண்டாம். உள்ளே பழைய கிரீஸ் இறுகியிருக்கும். சுருள் ஒட்டி ஒட்டி விடுவதால் வரும் இடி அது. கழுவிப் புது கிரீஸ் போட்டால் சரியாகிவிடும்தான். ஆனால் முறுக்கை முழுக்க இறக்காமல் மூடியைத் திறந்தால், சுருள் சாட்டையாகப் பாயும். என் இடது கட்டைவிரலில் நான்கு தையல். பழகிய கையிடம் கொடுங்கள்.