விருந்துக்கு ஹாம் வாங்குமுன் உறையைப் படியுங்கள்

கேள்வி: பண்டிகை விருந்துக்குப் பன்னிரண்டு பேரை அழைத்திருக்கிறேன். கிளேஸ் என்னும் இனிப்புப் பாகு பூசி ஓவனில் சூடாக்கிய ஹாம் ஒன்றை மேசையின் நடுவில் வைக்க ஆசை. கடையில் எலும்புள்ளது, எலும்பு நீக்கியது, சுற்றிலும் முன்கூட்டியே துண்டு போட்டது என மூன்று வகைகள் இருக்கின்றன. கிலோ விலையிலும் பெரிய வேறுபாடு தெரிகிறது. விலை குறைந்ததை வாங்கினால் ஏமாந்துவிடுவேனா? எவ்வளவு எடை தேவைப்படும்?

பதில்: கிலோ விலையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாற வாய்ப்பு உண்டு. ஹாம் என்பது பன்றியின் பின்னந்தொடையை உப்பிட்டுப் பதப்படுத்தியது. இன்று கடைகளில் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை, உப்புநீரை ஊசிகளால் இறைச்சிக்குள் செலுத்திப் பதப்படுத்தப்பட்டவை. அந்த நீரில் ஒரு பகுதி இறைச்சியிலேயே தங்கிவிடுவதால், தண்ணீருக்கும் நீங்கள் இறைச்சியின் விலையையே கொடுக்கிறீர்கள். இது மோசடி அன்று. உறையில் சொல்லிவிட்டுத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தச் சொற்களைப் படிப்பவர்கள் மிகக் குறைவு.

நீர் கூடினால் புரதத்தின் பங்கு குறையும் என்பதால், அமெரிக்க விதிகளில் இது புரத அளவைக் கொண்டு நான்கு படிகளாக வகுக்கப்பட்டுள்ளது. கொழுப்பு நீங்கலான பகுதியில் குறைந்தது 20.5 விழுக்காடு புரதம் இருந்தால்தான் வெறும் ‘ஹாம்’ என்று பெயரிடலாம். ‘இயற்கைச் சாறுடன்’ என்ற பெயருக்கு 18.5 விழுக்காடும், ‘நீர் சேர்க்கப்பட்டது’ என்பதற்கு 17 விழுக்காடும் போதும். கடைசிப் படியான ‘ஹாமும் நீரும் கலந்த பொருள்’ என்பதற்குப் புரதத்தில் கீழ்வரம்பே இல்லை. எவ்வளவு சேர்த்தார்கள் என்பதை விழுக்காட்டில் எழுதினால் சரி. ஐரோப்பிய ஒன்றியத்தில், முழுத் துண்டாகவோ வெட்டிய துண்டாகவோ தோன்றும் இறைச்சிப் பொருளில் சேர்த்த நீர் எடையில் 5 விழுக்காட்டைத் தாண்டினால், அதைப் பொருளின் பெயரோடு சேர்த்தே குறிப்பிட வேண்டும். நீங்கள் எங்கே வாங்கினாலும், பெரிய எழுத்தில் உள்ள வணிகப் பெயரை விட்டுவிட்டு, அதன் அடியில் சிறிய எழுத்தில் உள்ள பொருளின் பெயரையும் சேர்மானப் பட்டியலையும் பாருங்கள். நீர் மிகுந்த ஹாம் ரொட்டிக்கு நடுவே வைத்துத் தின்னப் பரவாயில்லை. ஓவனில் வைத்தால் நீரை விட்டுச் சுருங்குவதோடு, அதன்மேல் பூசிய கிளேஸும் ஒட்டாமல் வழிந்துவிடும்.

பெயரில் கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. ‘பிக்னிக் ஹாம்’ என்பது தொடையன்று, முன்னங்காலின் தோள்பகுதி. சுவை நன்றாகவே இருக்கும், ஆனால் கொழுப்பும் சவ்வும் அதிகம். ‘வான்கோழி ஹாம்’ என்பது வான்கோழியின் தொடை இறைச்சியில் செய்வது.

எடைக்கு வருவோம். எலும்புள்ளதானால் ஆளுக்கு 250 முதல் 300 கிராம், எலும்பில்லாததானால் 150 முதல் 175 கிராம் என்று கணக்கிடலாம். பன்னிரண்டு பேருக்கு முன்னது ஏறக்குறைய மூன்றரைக் கிலோ, பின்னது இரண்டு கிலோ. இந்த எடையை அந்தந்தக் கிலோ விலையால் பெருக்கி வரும் மொத்தத் தொகைகளை ஒப்பிடுங்கள்; மலிவாகத் தோன்றிய எலும்புள்ள ஹாம் சில வேளைகளில் மலிவாக இராது. அப்படியிருந்தும் விருந்துக்கு எலும்புள்ளதையே வாங்கச் சொல்வேன். எலும்பில்லாதவற்றுள் பல, தனித்தனித் துண்டுகளைச் சேர்த்து அழுத்தி உருவம் கொடுத்தவை. வெட்டும்போது தொடையின் இழையோட்டம் அவற்றில் தெரிவதில்லை. எலும்போ மறுநாள் சூப்புக்கு உதவும். பாதித் தொடையாக வாங்குவதானால், கணுப்பக்கம் வெட்டுவதற்கு எளிது. இடுப்புப் பக்கத்தில் இறைச்சி அதிகம், ஆனால் எலும்பின் கோணல் கத்தியைத் தடுக்கும். சுற்றிலும் துண்டு போட்டது பரிமாற வசதிதான் என்றாலும், ஒவ்வொரு வெட்டின் வழியாகவும் ஈரம் போய்விடுவதால் எளிதில் காய்ந்துவிடும். விருந்தன்று கத்தி பிடிக்க வீட்டில் ஆளில்லாதவர்களுக்கு மட்டுமே அதைப் பரிந்துரைப்பேன்.

கேள்வி: நான் வாங்கிய ஹாமின் உறையில் ‘முழுமையாகச் சமைத்தது’ என்று இருக்கிறது. அப்படியானால் ஓவனில் மணிக்கணக்கில் வைக்கச் சொல்வது ஏன்? இளஞ்சிவப்பாகவே இருக்கிறதே, வெந்ததா என்று எப்படி அறிவது?

பதில்: முழுமையாகச் சமைத்த ஹாமைக் குளிர்ந்த நிலையிலேயே உண்ணலாம். நீங்கள் ஓவனில் செய்வது சமையல் அன்று, உலர்ந்துபோகாமல் சூடேற்றும் வேலை மட்டுமே. ‘சமைத்த பின் உண்ணவும்’ என்று எழுதிய ஹாம் வேறு. உப்பிட்டிருந்தாலும், புகையூட்டியிருந்தாலும் அதைப் பச்சை இறைச்சியாகவே கருத வேண்டும். நிறத்தை நம்ப முடியாது. பதப்படுத்தச் சேர்க்கும் நைட்ரைட் உப்பு, இறைச்சியின் நிறமியோடு சேர்ந்து நிலையான இளஞ்சிவப்பை உண்டாக்குவதால், வெந்த பிறகும் அது மாறுவதில்லை.

ஆகவே இறைச்சிக்குள் செருகும் வெப்பமானி ஒன்றை வாங்கிவிடுங்கள். இந்த விருந்துக்காக நீங்கள் செய்யும் செலவுகளில் வீணாகாதது அதுதான். அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரைப்படி, ஆலையிலேயே சமைத்து உறையிட்ட ஹாமின் உட்புறம் 60 டிகிரி செல்சியஸை எட்டினால் போதும். கடைக்காரர் பிரித்து மறுபடி கட்டித் தந்ததாக இருந்தாலோ, மீந்ததைச் சூடாக்கினாலோ 74 டிகிரி வேண்டும். சமைக்காத வகைக்கு 63 டிகிரி எட்டியபின் 3 நிமிடமாவது ஆறவிட வேண்டும். வெப்பமானியின் முனை மிகத் தடித்த பகுதியின் நடுவில் இருக்க வேண்டும். எலும்பைத் தொட்டால் தவறான அளவு காட்டும்.

ஓவனை 163 டிகிரியில் வையுங்கள். வெட்டிய முகம் கீழே இருக்கும்படி ஹாமைத் தட்டில் வைத்து, ஒரு கோப்பை நீர் ஊற்றி, அலுமினியத் தாளால் இறுக மூடிவிடுங்கள். சமைத்த, எலும்புள்ள பாதித் தொடைக்குக் கிலோவுக்கு 40 முதல் 50 நிமிடம் பிடிக்கும். உங்கள் மூன்றரைக் கிலோவுக்கு இரண்டரை மணி நேரத்தை ஒட்டி என்று வைத்துக்கொண்டு, இரண்டு மணி நேரத்திலிருந்தே வெப்பமானியைப் பார்த்து வாருங்கள். துண்டு போட்ட வகைக்கு இதைவிடக் குறைந்த நேரமே போதும். உறைந்த ஹாம் என்றால் குளிர்சாதனப் பெட்டியில் இளக இரண்டு நாள் விடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம்: எலும்பின் முனை உறையைக் குத்திக் கிழிக்காமலிருக்கச் சில ஹாம்களில் ஒரு பிளாஸ்டிக் மூடியைப் பொருத்தியிருப்பார்கள். இறைச்சியின் நிறத்தோடு ஒத்திருப்பதால் எளிதில் கண்ணில் படாது. ஓவனில் வைக்குமுன் அதைத் தேடி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: சென்ற முறை ஹாமோடு வந்த கிளேஸ் பொட்டலத்தைத் தொடக்கத்திலேயே பூசினேன். மேலே கரியாகி, தட்டிலும் ஒட்டிக்கொண்டது. பொட்டலத்தில்தான் குறையா?

பதில்: குறை பொட்டலத்தில் இல்லை, நேரத்தில். கிளேஸ் பெரும்பாலும் சர்க்கரை. அது இரண்டு மணி நேர ஓவன் சூட்டைத் தாங்காது. தேன் சேர்ந்ததானால் இன்னும் விரைவில் கருகும். தேனில் மிகுந்துள்ள ஃபிரக்டோஸ், சாதாரணச் சர்க்கரையைவிட மிகக் குறைந்த வெப்பத்திலேயே நிறம் மாறத் தொடங்குவதுதான் காரணம்.

முதலில், ஓவனில் வைக்குமுன்பே, தோல் இருந்தால் நீக்கி, கொழுப்புப் படலத்தில் மட்டும் அரைச் சென்டிமீட்டர் ஆழத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடுங்கள். இறைச்சிவரை கீறினால் சாறு வெளியேறிவிடும். கட்டங்களின் நடுவே கிராம்பு குத்துவது அழகுக்கும் மணத்துக்கும். அளவோடு குத்தினால் நல்லது, பல்லில் கடிபட்டால் எவரும் மகிழ்வதில்லை. உட்புற வெப்பம் 52 டிகிரியை ஒட்டி வரும்போது தாளை நீக்கி, ஓவனை 200 டிகிரிக்கு உயர்த்தி, கிளேஸை மெல்லிதாகப் பூசுங்கள். ஏழெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி பூசி, மொத்தம் 20 நிமிடத்தில் முடித்துவிடலாம். இந்த நேரத்தில் ஓவனை விட்டு நகராதீர்கள். பொன்னிறத்துக்கும் கரிக்கும் இடையே இரண்டு மூன்று நிமிடமே இடைவெளி.

பொட்டலத்துக்காக எந்த ஹாமுக்கும் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. 200 கிராம் பழுப்புச் சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி கடுகு விழுது, மூன்று மேசைக்கரண்டி வினிகர் ஆகியவற்றைப் பாகு பதத்துக்குக் காய்ச்சினால் உங்கள் ஹாமுக்குப் போதும். வினிகரைக் குறைத்துவிடாதீர்கள், உப்பும் இனிப்பும் மிகுந்த இறைச்சியில் திகட்டலைத் தடுப்பது அந்தப் புளிப்புதான். இதில் உப்புச் சேர்க்கவே கூடாது.

கேள்வி: வெட்டிய துண்டுகளின் மேல் எண்ணெய் மிதப்பதுபோல் பச்சையும் வானவில் நிறமுமாக மின்னியது. கெட்டுவிட்டதென்று திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: அந்த மினுமினுப்பு மட்டும் இருந்தால் கெட்டதாகக் கொள்ள முடியாது. தசை இழைகளைக் குறுக்கே வெட்டிய பரப்பில் ஒளி பட்டுச் சிதறுவதால் தோன்றுவது அது. கடைக்காரர் மறுத்தால் அவர் பக்கமே நியாயம். உறை உப்பியிருந்தாலோ, கசிந்திருந்தாலோ, புளித்த வாடையோ பிசுபிசுப்போ இருந்தாலோ தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். அதற்கு ரசீதும், தொகுப்பு எண்ணும் தேதியும் உள்ள உறைப்பகுதியும் தேவைப்படும் என்பதால், விருந்து முடியும்வரை அவற்றைக் குப்பையில் போடாதீர்கள். பரிமாறிய ஹாமை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றிவிட்டால், மூன்று நான்கு நாள் வைத்து உண்ணலாம். அதற்குப் பிறகு கெட்டது என்று கடைக்காரரிடம் கொண்டுபோனால், அவர் முதலில் கேட்கப்போவது அதை எப்போது பிரித்தீர்கள் என்பதைத்தான்.