பெனால்டி அடிக்கும்போது கால் வழுக்கினால்: கோலா, மறு உதையா?

கேள்வி: எங்கள் கடலோர ஊர் டோர்னமெண்டில் போன மாதம் அரையிறுதிக்கு நான்தான் ரெஃப்ரி. முடிய பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு பெனால்டி. அடிக்க வந்த பையன் வழுக்கி, பந்து அவனுடைய இரண்டு காலிலும் பட்டு கோலுக்குள் போய்விட்டது. கோலை மறுத்து எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் (நேரடியாகக் கோல் அடிக்க முடியாத உதை) கொடுத்தேன். தோற்ற அணி கமிட்டியில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறது. நான் செய்தது தப்பா? லைன்ஸ்மேன் இல்லாமல் ஒரே ஆள் பெனால்டியை எப்படிக் கவனிப்பது?

பதில்: இரண்டு காலிலும் பட்டதை வெறுங்கண்ணால் பிடித்தீர்களே, அதற்கு முதலில் ஒரு சபாஷ். ஆனால் நீங்கள் கொடுத்த தீர்ப்பு பழைய விதிப்படியானது. 2025 ஜூலைக்கு முன்பு நடந்திருந்தால் அதுதான் சரி. இப்போது அந்தப் பையனை மறுபடி அடிக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

விதி மாறக் காரணம் 2025 மார்ச் 12 அன்று மாட்ரிட்டில் நடந்த சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். அதே ஊர் அணிகளான அட்லெட்டிகோ மாட்ரிட்டும் ரியல் மாட்ரிட்டும் பெனால்டி ஷூட்-அவுட் வரை போனார்கள். அட்லெட்டிகோவின் ஹூலியன் அல்வாரெஸ் அடிக்கும்போது ஊன்றிய கால் வழுக்கிப் பந்தை உரசியது. பந்து வலைக்குள் போனது. ஆனால் வீடியோ நடுவர்கள் அந்த உரசலைக் கண்டுபிடித்ததால் கோல் ரத்தாகி, ரியல் 4-2 என்று ஜெயித்தது. வழுக்கி விழுகிறவனுக்கும் வேண்டுமென்றே இரண்டாம் முறை தொடுகிறவனுக்கும் ஒரே தண்டனையா என்ற சர்ச்சை கிளம்பியது. வேறொருவர் தொடும்வரை அடித்தவன் பந்தை இரண்டாம் முறை தொடக்கூடாது என்பது விதி; போஸ்டில் பட்டுத் திரும்பும் பந்தை அடித்தவனே மறுபடி அடிப்பதைத் தடுக்கத்தான் அது முக்கியமாக இருந்தது. அந்த ஜூனில் விதிகளை வகுக்கும் ஐஃபாப் வாரியம் தெளிவாகச் சொல்லிவிட்டது: தற்செயலாக இரண்டு காலிலும் பட்டு கோல் விழுந்தால் மறு உதை. கோல் விழாவிட்டால் எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக். ஷூட்-அவுட்டில் அந்த வாய்ப்பு போனதுதான். வேண்டுமென்றே தொட்டவனுக்கு மறு உதை என்ற பேச்சே இல்லை.

புகாரை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பந்து பட்டதா இல்லையா என்பது உங்கள் கண் சொல்வது. அதற்கு மேல் அப்பீல் கிடையாது. பட்டால் என்ன செய்வது என்பது புத்தகத்தில் இருப்பது. அதில் பிசகினால் ஆட்டமே ஆட்டம் கண்டுவிடும். 2005 செப்டம்பரில் தாஷ்கண்டில் உஸ்பெகிஸ்தானும் பஹ்ரைனும் உலகக் கோப்பைத் தகுதிக்காக மோதின. 1-0 முன்னிலையில் இருந்த உஸ்பெகிஸ்தான் பெனால்டியையும் கோலாக்கியது. ஆனால் அடிப்பதற்குள் அதே அணிக்காரர் ஒருவர் பாக்ஸுக்குள் நுழைந்துவிட்டார். மறு உதை கொடுக்க வேண்டிய ஜப்பான் நடுவர் பஹ்ரைனுக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் கொடுத்தார். அச்சு அசலாக உங்கள் பிசகு! 3-0 என்று வெற்றி தரச் சொல்லிப் புகார் கொடுத்தது உஸ்பெகிஸ்தான். ஃபிஃபாவோ முழு ஆட்டமும் செல்லாது என்றது. கையில் இருந்த 1-0 வெற்றியும் போனது. மறு ஆட்டம் 1-1, அடுத்து மனாமாவில் 0-0. எதிரணி ஊரில் அடித்த கோலுக்கு மதிப்பு அதிகம் என்ற வெளியூர் கோல் கணக்கில் பஹ்ரைன் முன்னேறியது.

உங்கள் கமிட்டிக்கு எவ்வளவு அதிகாரம் என்பது டோர்னமெண்ட் விதிகளைப் பொறுத்தது. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்துவிடுங்கள். "எனக்குச் சரியாகத் தெரியவில்லை" என்று இப்போது மாற்றிப் பேசினால் அடுத்த ஆட்டத்தில் உங்கள் விசிலுக்கு மரியாதை இருக்காது.

ஒரே ஆளாக எல்லாவற்றையும் பார்க்க முடியாது. எதை விடலாம் என்று தெரிந்தால் போதும். நான் பந்துக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் கோலைப் பார்த்துத் தள்ளி நிற்பேன். அடிப்பவன் கால், கோலியின் (கோல்கீப்பரின்) கால், இரண்டும் ஒரே பார்வையில் வரும். பாக்ஸுக்குள் ஓடி வருகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடுவார்கள்; பரவாயில்லை. அவர்கள் நுழைந்தது ஆட்டத்தைப் பாதித்தால்தான் இப்போது குற்றம். கோலிக்கு ஒரு காலின் ஒரு பகுதியாவது கோட்டின் மேலோ அதற்கு நேராகவோ பின்னாலோ இருக்க வேண்டும். விசிலுக்கு முன்பே விரலால் கோட்டைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். முன்னால் தாவித் தடுத்தால் மறு உதை. முதல் தடவை எச்சரிக்கை, அதற்கப்புறம் மஞ்சள் அட்டை.

இரண்டு காலிலும் பட்டதற்கு அடையாளம் உண்டு. ஊன்றிய கால் சறுக்கும், பந்து அடித்த வேகத்துக்குச் சம்பந்தமில்லாமல் சுழன்று எழும்பும். சந்தேகமாக இருந்தால் கோலைக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. மணல் மைதானத்தில் நாளுக்கு நாலு ஆட்டம் நடந்தால் பெனால்டி புள்ளி குழியாகிவிடும், சுண்ணாம்பும் அழிந்துவிடும். இடது கால் ஊன்றுகிற இடத்தில் இன்னொரு பள்ளம். பந்தைத் தள்ளி வைக்கவும் விதி இடம் தராது. அரைநேரத்தில் ஒரு சட்டி ஈரமண் கொட்டி மிதித்து, கோல் கோட்டிலிருந்து 11 மீட்டர் அளந்து புதுப் புள்ளி வையுங்கள். உங்கள் பையன் வழுக்கியதும் அந்தப் பள்ளத்தில்தான் என்று பந்தயம் கட்டத் தயார்.