‘ஃபுட்லூஸ்’ படத்தில் புலம்பலும் நடனமும்: கேள்வி பதில்

கேள்வி: 1984-இல் வெளிவந்த ‘ஃபுட்லூஸ்’ துள்ளலான நடனப் படம். அதில் வேதப்பொருள் காண்பது மிகையல்லவா?

பதில்: படமே வேதாகமத்தைத் திறந்து வாசிக்கிறது. சிகாகோவிலிருந்து பொமான்ட் என்னும் சிற்றூருக்கு வரும் ரென் என்ற மாணவன், நடனத் தடையை நீக்கக் கோரி ஊர் மன்றத்தின் முன் நின்று, நடனத்தோடு கர்த்தரைத் துதிக்கச் சொல்லும் 149-ஆம் சங்கீதத்தையும், கர்த்தருக்கு முன்பாகத் தாவீது ராஜா ஆடியதையும், பிரசங்கி என்னும் நூலின் 3-ஆம் அதிகாரத்தையும் எடுத்துக்காட்டுகிறான்.

கேள்வி: இது உண்மைக் கதையா?

பதில்: ஓக்லஹோமாவின் எல்மோர் சிட்டியில் நெடுங்காலமாக இருந்த நடனத் தடை, பள்ளி மாணவர்களின் முயற்சியால் 1980-இல் நீங்கியது. கதைக்கு வித்து அதுவே, பாத்திரங்கள் கற்பனை.

கேள்வி: மூன்றில் தாவீதின் சான்றுதானே வலுவானது?

பதில்: வாதத்துக்கு அது வலுவானதுதான். ஆனால் படத்தின் உயிர் பிரசங்கியில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். “புலம்ப ஒரு காலமுண்டு, நடனம்பண்ண ஒரு காலமுண்டு” என்ற வசனம் நடனத்துக்கு எதிரில் பக்தியை நிறுத்தவில்லை, புலம்பலை நிறுத்துகிறது; எபிரேயத்தில் ‘ஸெஃபோத்’, ‘ரெகோத்’ என இவ்விரு சொற்களும் ஒரே ஓசையில் முடிகின்றன. தடையை முன்னின்று காக்கும் ஊர்ப் போதகர் ஷா மூர் தம் மகனைக் கார் விபத்தில் பறிகொடுத்தவர். நடனத் தடை அந்தச் சாவுக்குப் பின் பிறந்தது. யூத மரபு அடக்கத்துக்குப் பின் ஏழு நாள், பிறகு முப்பது நாள், பெற்றோருக்கு மட்டும் ஓராண்டு என்று துக்கத்துக்கு வரம்பு கட்டியது. பொமான்ட் ஊரிலோ துக்கம் சட்டமாகி, முடியும் நாள் குறிக்கப்படாமலே நின்றுவிட்டது. அந்தச் சட்டத்துக்கும் ஒரு காலம் இருந்தது, அது கடந்துவிட்டது என்று ரென் சொல்லும்போது, தான் எதிர்ப்பவரின் இழப்பையும் அவன் மதிக்கிறான்.

கேள்வி: அப்படியானால் போதகர் வில்லன் இல்லையா?

பதில்: இல்லை. ஊரார் புத்தகங்களை எரிக்கும்போது தடுத்து நிறுத்துபவர் அவரே. நடன விருந்து நடத்தும் பிள்ளைகளுக்காக ஜெபிக்கும்படி பின்னர் சபையாரைக் கேட்பவரும் அவரே.

கேள்வி: இதே கருத்துள்ள வேறு வசனம் உண்டா?

பதில்: 30-ஆம் சங்கீதத்தின் 11-ஆம் வசனத்தை வாசியுங்கள். நம் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் “என் புலம்பலை ஆனந்தக்களிப்பாக மாறப்பண்ணினீர்” என்று இருப்பதால் பலர் கவனிப்பதில்லை. எபிரேய மூலத்தில் அந்த இடத்தில் நிற்பது நடனத்தைக் குறிக்கும் ‘மாகோல்’ என்ற சொல். அதை மனத்தில் வைத்துக்கொண்டு இறுதிக் காட்சியைப் பாருங்கள்: ஊர் எல்லைக்கு அப்பாலுள்ள ஆலைக்குள் இளைஞர்கள் ஆடுகிறார்கள், மகனை இழந்த போதகரும் அவர் மனைவியும் வெளியே இருளில், பல ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக, ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு மெல்ல ஆடுகிறார்கள்.