பேச்சு எப்போது வரும்? வாசகர் கேள்வி – பதில்

கைக்குழந்தையும் ஓடித் திரியும் பிள்ளையும் இருக்கும் வீடுகளிலிருந்து வந்த கேள்விகள் இம்முறை. கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டுப் பேட்டையை மட்டும் போட்டிருக்கிறோம்.

மகனுக்கு இரண்டு வயது முடிந்து ஒரு மாதம் ஆகிறது. நானும் மாமியாரும் தமிழ் பேசுவோம். கணவர் பாதி ஆங்கிலம். பராமரிப்பு நிலையத்தில் ஆங்கிலமும் கொஞ்சம் மாண்டரினும். எல்லாம் சேர்த்து இருபது வார்த்தைதான் சொல்கிறான், இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசுவதில்லை. நாம் சொல்வது புரிகிறது, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறான். “குழம்புகிறான், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்” என்று நிலையத்தில் சொன்னார்கள். தமிழை நிறுத்தலாமா? (செங்காங்)

நிறுத்த வேண்டாம். இரண்டு மூன்று மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை. ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியைக் கலப்பதும் குழப்பத்தின் அடையாளம் அல்ல, கைக்கு எட்டிய சொல்லை எடுத்துக்கொள்கிறான், அவ்வளவுதான். தமிழை நிறுத்தினால் அவனுக்கு நன்றாகப் புரிகிற மொழிதான் வீட்டிலிருந்து போகும். பாட்டியோடு பேச வழி இருக்காது. சிங்கப்பூரில் ஆங்கிலம் யாரும் அழைக்காமலே வந்து சேரும். தமிழுக்குத்தான் வீட்டில் ஆள் வேண்டும்.

ஆனால் “தமிழால் தாமதம் இல்லை” என்பதும் “தாமதமே இல்லை” என்பதும் ஒன்றல்ல. இரண்டு வயதில் ஏறத்தாழ ஐம்பது சொல்லும், இரண்டு சொல் சேர்த்த பேச்சும் எதிர்பார்க்கிறோம். இருபது சொல்லோடு, சேர்க்கை இல்லாமல் இருப்பதைப் பார்க்க வேண்டியதுதான். “அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினார்” என்ற ஆறுதலைக் கேட்டுக்கொண்டு ஓராண்டு ஓட்டிவிடாதீர்கள்.

முதலில் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டி, ஒரு வாரம், அவன் தானாகச் சொல்வதை எழுதுங்கள். நீங்கள் சொல்லி அவன் திருப்பிச் சொன்னது சேராது. எந்த மொழியாக இருந்தாலும் சேரும். “தண்ணி”யும் “வாட்டர்”உம் இரண்டு சொல். “மம்மு”, “தாச்சி”, “காக்கா”, நாயைப் பார்த்து “லொள்” என்பது எல்லாமே கணக்கில் வரும். “பந்து” என்பதை எப்போதும் “பபு” என்றே சொன்னால் அதுவும் சொல்தான். தாளைப் பார்த்தபின் இருபது நாற்பதாக ஆகும் வீடுகள் உண்டு. பராமரிப்பு நிலையத்தில் அவன் சொல்லும் ஆங்கிலமும் மாண்டரினும் உங்கள் காதுக்கு எட்டியிருக்காது, ஆசிரியரையும் ஒரு பட்டியல் கேளுங்கள். பதிலுக்கு அவன் வீட்டில் சொல்லும் பத்துத் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில், பொருளோடு எழுதிக் கொடுங்கள். “உச்சா” என்பது புரியாமல் கால்சட்டை நனைந்த பிறகுதான் பல ஆசிரியர்களுக்கு விஷயமே தெரிகிறது.

அடுத்தது காது. பிறந்தவுடன் மருத்துவமனையில் செய்த செவிச் சோதனையில் தேறியிருந்தாலும் இன்றைக்குக் காது சரி என்று அர்த்தமில்லை. பராமரிப்பு நிலையத்துக்குப் போகும் பிள்ளைக்குச் சளி ஓயாது. சளிக்குப் பிறகு செவிப்பறைக்குப் பின்னால் நீர் தங்கி வாரக்கணக்கில் நிற்கலாம். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. சத்தம் கேட்கும், சொல் தெளிவாகக் கேட்காது. பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டால் திரும்பாதது, வாயால் மூச்சு விடுவது, குறட்டை, தொலைக்காட்சிப் பெட்டிக்கு அருகே போய் நிற்பது ஆகியவை தடயங்கள். கையைத் தட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. பலமான ஓசை, அரைகுறைக் காதுக்கும் கேட்டுவிடும்.

ஆகவே பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ முன்பதிவு செய்து, செவிச் சோதனைக்கும் வளர்ச்சி மதிப்பீட்டுக்கும் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் இதற்கென்றே பிரிவுகள் இருக்கின்றன. முதல் சந்திப்புக்குக் காத்திருக்க நேரும், அதனால்தான் இப்போதே பெயரைக் கொடுக்கச் சொல்கிறோம். இடையில் பேச்சு பொலபொலவென வந்துவிட்டால் சந்திப்பை ரத்து செய்துகொள்ளலாம். போகும்போது குழந்தையின் சுகாதாரக் கையேடு, நீங்கள் எழுதிய சொற்பட்டியல், அவன் விளையாடும்போது கைப்பேசியில் எடுத்த ஒரு நிமிடக் காணொளிகள் இரண்டு மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் அறையில் பிள்ளை வாயையே திறக்க மாட்டான்.

காத்திருக்கும் நாள்களில் வீட்டில் செய்ய வேண்டியதில் மிகக் கடினமானது வாயை மூடிக்கொண்டிருப்பது. அவன் முகத்துக்கு நேராக, அவன் உயரத்தில் உட்காருங்கள். அவன் எதைப் பார்க்கிறானோ அதைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு, மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெரியவர்கள் இரண்டு நொடியில் தாங்களே பதிலையும் சொல்லிவிடுகிறார்கள். அவனுக்குச் சொல்லைத் தேடி எடுக்க அந்த நேரம் போதாது.

அவன் சொன்னதில் ஒரு சொல் மட்டும் கூட்டித் திருப்பிச் சொல்லுங்கள். “பால்” என்றால் “பால் வேணும்”. “அப்பா” என்று கதவைக் காட்டினால் “அப்பா வந்தாச்சு”. திருப்பிச் சொல்லும்படி கேட்காதீர்கள். “இது என்ன? சொல்லு! அது என்ன? பாட்டிக்குச் சொல்லிக் காட்டு” என்று கேட்டுக்கொண்டே இருந்தால் தெரிந்த பிள்ளையும் வாயை மூடிக்கொள்ளும். ஒரு கேள்விக்கு நான்கு சாதாரணப் பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். பட அட்டைகள் வாங்க நினைத்திருந்தால் அந்தக் காசுக்கு மாம்பழம் வாங்குங்கள். பிடித்து, முகர்ந்து, கடித்த பொருளின் பெயர்தான் நிற்கும்.

கேட்கவேண்டிய தேவையையும் உண்டாக்குங்கள். பிடித்த கார் பொம்மையை மூடி இறுக்கமான, உள்ளே தெரியும் டப்பாவில் போட்டுக் கொடுங்கள். “திற” என்ற சொல்லுக்கு வேலை வரும். திராட்சையைக் கிண்ணம் நிறையத் தராமல் ஒரு பழமாகத் தாருங்கள் (நீளவாக்கில் நான்காக நறுக்கி, முழுப்பழம் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்). தீர்ந்ததும் உங்களைப் பார்ப்பான், பொறுத்திருங்கள். “ம்” என்று கையை நீட்டினாலும் கொடுத்துவிட்டு “இன்னும் வேணும்” என்று நீங்கள் சொல்லுங்கள். சொன்னால்தான் தருவேன் என்று பிடித்துவைத்தால் அழுகைதான் மிஞ்சும்.

பத்து மாதப் பையன், மூன்றரை வயது அக்கா. அவள் வாய் ஓய்வதே இல்லை. அவனிடம் பேச ஆரம்பித்தால் நடுவில் புகுந்து பதில் சொல்கிறாள். தம்பி பேச மாட்டானோ என்று பயம். (ஈசூன்)

அக்கா வாயாடியாக இருப்பது தம்பிக்கு நல்லதுதான். “நான்”, “நீ”, “என்னோடது” போன்ற சொற்கள் மற்ற இருவர் பேசிக்கொள்வதைக் கேட்டால் எளிதில் பிடிபடும், அது அவனுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. குறைவது அவனைப் பார்த்து, அவனுக்காக மட்டும் பேசும் நேரம்.

அதற்குத் தனியே மணி ஒதுக்கத் தேவையில்லை. ஒரு நாளில் ஆறேழு முறை நாப்கின் மாற்றுகிறீர்கள், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிடம். அதுவே கால் மணி நேரம். கையில் பொம்மையைக் கொடுத்துச் சட்டென முடிக்காமல் முகத்தைப் பார்த்துக்கொண்டே “காலைத் தூக்கு… தூக்கியாச்சு” என்று சொல்லி நிறுத்துங்கள். அவன் “பபப” என்றால் நீங்களும் “பபப” என்று சொல்லிக் காத்திருங்கள். அவன் மறுபடி சொல்வான். பேச்சில் முறை மாறும் என்பதை அவன் கற்பது அங்கேதான், சொல்லெல்லாம் பிறகு.

அக்காவை அடக்காதீர்கள், வேலை கொடுங்கள். மின்தூக்கிக்குள் “தம்பிக்கு எண் காட்டு”, சோறூட்டும்போது “ஆ காட்டுன்னு சொல்லு”. ஒரு மரக்கரண்டியைக் கையில் வைத்திருப்பவர் பேசும் முறை என்றும் விளையாடலாம். மூன்றரை வயதில் அது அரை நிமிடத்துக்கு மேல் தாங்காது, அந்த அரை நிமிடமே போதும். அவள் நடுவில் புகுந்தால் “உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். தம்பி என்ன சொல்றான்னு பாப்போம்” என்று சொல்லிப் பாருங்கள். அவளும் திடீரென்று தம்பி மாதிரி மழலையில் பேச ஆரம்பித்தால் திட்ட வேண்டாம். மழலைக்கு மழலையில் பதில் சொல்லாமல் சாதாரணமாகப் பேசுங்கள், சில வாரங்களில் சலித்துவிடும்.

பத்து மாதத்தில் “பபப”, “தததா” போல மெய்யெழுத்து ஒலியோடு கூடிய பிதற்றல், பெயர் சொன்னால் திரும்புவது இரண்டும் இருக்க வேண்டும். ஒலியே இல்லாமல் அமைதியாக இருந்தால் உடனே செவிச் சோதனை. ஒரு வயதாகியும் விரல் நீட்டிக் காட்டாமல், டாட்டா காட்டாமல் இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். எந்த வயதிலும் வந்த பேச்சு மறைந்துபோனால் ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், ஒன்பது மாதப் பேத்திக்கு நாக்கு திரும்ப, வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்துத் தடவச் சொல்கிறார். தடவலாமா? (உட்லண்ட்ஸ்)

கூடாது. ஒரு வயதுக்குள் தேன் ஒரு துளிகூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். மலச்சிக்கலில் தொடங்கித் தசைகள் தளர்ந்து மூச்சுவரை பாதிக்கும். காய்ச்சியதாலோ சுத்தமான மலைத்தேன் என்பதாலோ அந்த வித்துகள் சாவதில்லை. வசம்பில் இருக்கும் அசரோன் என்ற பொருள் தீங்கானது என்பதால் அமெரிக்காவில் 1968 முதல் அதை உணவில் சேர்க்கத் தடை இருக்கிறது. வசம்பு பேச்சைக் கொண்டுவரும் என்பதற்கு ஆதாரமும் இல்லை.

நாக்கின் அடிச்சவ்வு ஒட்டியிருப்பதால் பேச்சு வரவில்லை என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. அது தாய்ப்பால் குடிப்பதைத் தடுக்கலாம், சில ஒலிகளின் உச்சரிப்பைப் பாதிக்கலாம். சொற்களைக் கற்பதைத் தடுக்காது.

மாமியாரிடம் இதை நீங்கள் சொல்வதைவிட அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது அவரையும் கூட்டிப்போய் மருத்துவர் சொல்லக் கேட்கவைப்பது வீட்டுக்கு நல்லது. அவரிடம் வேறொரு மருந்து இருக்கிறது. மடியில் வைத்து ஆட்டிப் பாடும் பாட்டுகள். ஒரே பாட்டைத் தினமும் பாடி, கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்தச் சொல்லுங்கள். சில வாரங்களில் பேத்தி அந்த இடத்தில் கையை ஆட்டுவாள், பிறகு ஒலி எழுப்புவாள்.

ஒன்றேகால் வயது மகளைப் பகலில் பணிப்பெண் பார்த்துக்கொள்கிறார். மியன்மார்க்காரர், ஆங்கிலம் சுமார். கைப்பேசி காட்டினால்தான் சாப்பிடுகிறாள். ஊரிலிருக்கும் தாத்தா பாட்டியிடம் காணொளியில் பேசுவதும் கெடுதலா? (பொங்கோல்)

சுகாதார அமைச்சின் ஆலோசனை தெளிவு: 18 மாதத்துக்குக் கீழ் திரை வேண்டாம், பின்னணியில் ஓடவும் வேண்டாம். 18 மாதம் முதல் 6 வயது வரை, பள்ளி நேரம் போக, நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள். பின்னணியில் தொலைக்காட்சி ஓடினால் பெரியவர்கள் பேசுவது குறைந்துவிடுகிறது, கெடுதல் அந்த வழியாகத்தான் வருகிறது.

கைப்பேசியை ஒரே நாளில் நிறுத்துங்கள். படிப்படியாகக் குறைப்பது பேரம் பேசக் கற்றுக்கொடுக்கும். விடுமுறையில் நீங்கள் வீட்டில் இருக்கும்போது தொடங்குங்கள், பணிப்பெண் தலையில் அந்த அழுகையைக் கட்டாதீர்கள். உயரநாற்காலியில் உட்காரவைத்து, அவள் கையிலும் ஒரு கரண்டி. அரை மணி நேரத்துக்குள் தட்டை எடுத்துவிடுங்கள், துரத்தித் துரத்தி ஊட்டக் கூடாது. முதல் சில நாள் குறைவாகத்தான் சாப்பிடுவாள். எடை குறைந்தாலோ குடிப்பதும் நின்றாலோ மட்டும் மருத்துவரிடம் போங்கள்.

பணிப்பெண் தம் மொழியிலேயே பேசட்டும், பாடட்டும். சுமாரான ஆங்கிலத்தில் “நோ”, “கம்”, “ஈட்” என்று மூன்று சொல்லில் நாளை ஓட்டுவதைவிட, பர்மிய மொழியில் வாய் நிறையப் பேசுவது குழந்தைக்கு நல்லது. தமிழ், நீங்கள் வந்தபின் குளியலிலும் சாப்பாட்டிலும் படுக்கையிலும் வரட்டும்.

தாத்தா பாட்டியுடன் நேரலையில் பேசுவது வேறு கதை. குழந்தையின் ஒலிக்கு எதிரில் இருப்பவர் பதில் தருகிறார், ஓடும் படம் தராது. நம் மாலை 6.30 ஊரில் 4 மணி, இரு பக்கத்துக்கும் வசதி. ஐந்து பத்து நிமிடம் போதும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, பாட்டி அங்கே வாழைப்பழம் காட்டினால் இங்கேயும் ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டும். “அத்தைக்கு முத்தம் குடு, ஆடிக் காட்டு” என்று வித்தை காட்டச் சொன்னால் ஓடிவிடுவாள்.

மூன்று வயது மகன், இரண்டு வாரமாக “நா… நா… நா… நான்” என்று திக்குகிறான். (ஜூரோங்)

இரண்டு வயதுக்கும் ஐந்துக்கும் இடையே பல பிள்ளைகளுக்கு வந்து போவது. “மெதுவா சொல்லு, மூச்சு விட்டுச் சொல்லு” என்று திருத்தாதீர்கள், நீங்கள் மெதுவாகப் பேசுங்கள். வாக்கியத்தை முடித்துக்கொடுக்காமல் கண்ணைப் பார்த்துக் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, முகத்தைச் சுளித்தாலோ, சொல் வெளியே வராமல் அடைத்து நின்றாலோ, பேசவே தயங்கினாலோ, குடும்பத்தில் திக்குவாய் இருந்தாலோ பேச்சுச் சிகிச்சையாளரைப் பாருங்கள். இந்தக் கடைசிக் காரணம் இருந்தால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம்.

மூன்று வயது மகள் “வாயப்பயம்” என்கிறாள். திருத்தலாமா? (தெம்பனிஸ்)

ழகரம் கடைசியாக வரும் ஒலிகளில் ஒன்று. “ஆமா, வாழைப்பழம்” என்று நீங்கள் சரியாகச் சொல்லிவிட்டு உரித்துக் கொடுங்கள். மூன்று வயதில் வெளியாள் ஒருவருக்கு அவள் பேச்சில் முக்கால்வாசி புரிந்தால் போதும். பக்கத்து வீட்டுத் தமிழ்க்காரருக்குப் பாதிகூடப் புரியவில்லை என்றால் அப்போது கேளுங்கள், அதுவும் ழகரத்துக்காக இல்லை.