மாராவின் பாறுகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாறு கழுகுகள் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். சென்ற ஆகஸ்டில் கென்யாவின் மசாய் மாரா காப்பகத்திற்குச் சென்றிருந்தோம். முன்பெல்லாம் செத்த விலங்கைச் சுற்றி இதைவிடப் பல மடங்கு பாறுகள் இறங்கும் என்று எங்கள் வழிகாட்டி வருத்தத்துடன் சொன்னார். இங்கே மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக்தான் அங்கும் காரணமா? காப்பகத்துக்கு வேலியிட்டு, காவலர்களைப் பெருக்கி, விஷம் வைப்போரைக் கடுமையாகத் தண்டித்தால் அவற்றைக் காப்பாற்றிவிட முடியாதா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

முதல் கேள்விக்கு விடை, இல்லை என்பதே. நம் நாட்டில் செத்த மாட்டைத் தின்ற பாறுகளைக் கொன்றது, அந்த மாட்டின் வலி தீரப் போட்ட மருந்து. போட்டவருக்குப் பறவையைக் கொல்லும் எண்ணம் இல்லை. ஆகவே 2006-இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கைத் தடைசெய்ததன் மூலம் மீட்சிக்கு ஒரு வழியேனும் திறந்தது. மாராவிலோ இறைச்சியில் தெரிந்தே விஷம் கலக்கப்படுகிறது. அங்கே அதிகம் பயன்பட்டது கார்போஃபியூரான், அதாவது நம் உழவர்கள் குருணை மருந்து என்று சொல்லும் அதே பூச்சிக்கொல்லி. 2009-இல் ஃபியூரடான் என்ற பெயரில் விற்கப்பட்ட அந்த மருந்தை அதன் தயாரிப்பாளர்கள் கென்யச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். விஷம் வைப்பது அதனால் நின்றுவிடவில்லை.

அந்த விஷம் பாறுகளுக்காக வைக்கப்படுவதில்லை. மசாய் மக்கள் இரவில் மாடுகளை முள்வேலிப் பட்டியில் அடைக்கிறார்கள். சிங்கம் அருகில் வந்ததுமே மாடுகள் மிரண்டு, முட்டி மோதி, வேலியை உடைத்துக்கொண்டு இருட்டில் ஓடுகின்றன. வெளியே சிதறியவை எளிதில் இரையாகின்றன. மிச்சம் தின்னச் சிங்கமோ கழுதைப்புலியோ திரும்பி வரும் என்று தெரிந்த மேய்ப்பர்களில் சிலர், கிடக்கும் சடலத்தில் மருந்தைத் தூவிவிடுகிறார்கள். 2015 டிசம்பரில் மாராவின் புகழ்பெற்ற 'மார்ஷ்' சிங்கக் கூட்டத்துக்கு இவ்வாறுதான் விஷம் வைக்கப்பட்டது. அந்தச் சிங்கங்களோடு பாறுகளும் மாண்டன.

பாறுகள் கண்ணால் இரை தேடுபவை. உயரத்தில் பரந்து வட்டமிடும் அவை கீழே நிலத்தைப் பார்ப்பதோடு ஒன்றையொன்றும் கவனித்துக்கொண்டிருக்கும். ஒன்று சரிந்து இறங்கினால் அடுத்தது தொடரும், அதைக் கண்டு அதற்கடுத்தது. இரை தேட இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை, ஆனால் விஷம் கலந்த ஒரே சடலம் பல மைல் வானத்தை வெறுமையாக்கிவிடுவதும் இதனால்தான். நரம்புகள் முடங்கி, இரைப்பை நிறைந்த நிலையில், எழும்ப முடியாமல் அவை சடலத்தைச் சுற்றியே விழுந்து கிடக்கும். 2019 ஜூனில் போட்ஸ்வானாவின் வடபகுதியில், தந்தத்துக்காகக் கொல்லப்பட்ட 3 யானைகளின் உடல்களில் விஷம் வைக்கப்பட்டு 537 பாறுகள் இறந்தன. வட்டமிடும் பறவைகள் காவலர்களுக்கு இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதற்காகத் தந்தத் திருடர்கள் வேண்டுமென்றே செய்யும் கொலை அது.

இந்த இழப்பை ஈடுசெய்யும் வேகம் இப்பறவைகளுக்கு இல்லை. ஆப்பிரிக்க வெண்முதுகுப் பாறு ஓர் இனப்பெருக்கக் காலத்துக்கு ஒரு முட்டைதான் இடும். மாராவில் காணக்கூடிய பாறு இனங்களில் நான்கு 2015-இல் மிக அருகிய நிலைக்குத் தள்ளப்பட்டன. கென்யாவின் லைக்கிப்பியாவில் பாறு ஆய்வாளர் டார்சி ஒகாடாவும் அவர் குழுவினரும் ஆட்டுச் சடலங்களை வைத்து ஆராய்ந்தபோது, பாறுகள் வராத இடங்களில் சடலம் மறைய ஏறத்தாழ மூன்று மடங்கு காலம் பிடித்தது; அங்கே கூடிய கழுதைப்புலி, நரி போன்ற விலங்குகளின் எண்ணிக்கையும் மூன்று மடங்கானது. நோய் ஒரு விலங்கிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்ற இதைவிட வசதியான இடம் எது?

இப்போது உங்கள் வேலிக்கு வருகிறேன். மாரா காப்பகத்தின் பரப்பு சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்த பாறுகள் அதைத் தாண்டி, அதை ஒட்டிய தான்சானியாவின் செரங்கெட்டியைத் தாண்டியும் போய்வந்தன. பறக்கும் பறவைக்கு வேலி பொருட்டல்ல என்பது இருக்கட்டும். ஆண்டுதோறும் இடம்பெயரும் காட்டுமான் (வில்டபீஸ்ட்) மந்தைகளை அது தடுத்துவிடும், பாறுகளுக்கு முக்கிய உணவு அம்மந்தைகளில் இறப்பவைதான். மாராவைச் சுற்றிய தனியார் நிலங்களில் பெருகும் வேலிகள் ஏற்கெனவே அந்த இடப்பெயர்வைக் குலைத்துக்கொண்டிருக்கின்றன.

தண்டனை தந்தத் திருடனுக்கு வேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ஒரே இரவில் மூன்று பசுக்களை இழந்த மேய்ப்பனை சிறைக்கு அனுப்பினால் அவன் அண்டைவீட்டார் அடுத்த முறை இன்னும் மறைவாகச் செய்வார்கள், அவ்வளவுதான். கென்யாவின் 2013-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இழப்பீட்டுக்கு வழிவகுத்தும் பணம் கைக்குச் சேர நெடுங்காலம் ஆகிறது. கம்பிவலையால் பலப்படுத்திய பட்டிதான் என் பார்வையில் முதன்மையான பறவைப் பாதுகாப்புப் பணி. மாடு இரவில் பத்திரமாக இருந்தால் காலையில் மருந்து தேடும் கை இராது. அதற்கடுத்தது, செய்தி வந்த உடனே சடலத்தை எரித்தோ புதைத்தோ அகற்றவும், உயிர் இருக்கும் பறவைக்கு விஷமுறிவு மருந்தான அட்ரோபின் கொடுக்கவும் தெரிந்த காவலர்கள். காவலர்களைப் பெருக்குவதைவிட இந்தப் பயிற்சியே எனக்கு அவசரமாகப் படுகிறது.

மீண்டும் மாரா செல்வதாக இருந்தால், காப்பகத்தை ஒட்டி மசாய் குடும்பங்கள் வாடகைக்கு விட்டுள்ள பாதுகாப்பு நிலங்களில் இருக்கும் முகாம் ஒன்றில் தங்குங்கள். நில உரிமையாளர்களுக்குக் குத்தகை மாதந்தோறும் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா, சுற்றுப்புறப் பட்டிகளைப் பலப்படுத்த அம்முகாம் என்ன தருகிறது என்று முன்பதிவு செய்யும் முன்பே எழுதிக் கேளுங்கள்.