ஆரேயா இசைக்குழுவின் முதல் ஆல்பத்தில் அப்படி என்ன விசேஷம்?

இத்தாலிய ப்ராக்ரசிவ் ராக் (நீளமான, சிக்கலான அமைப்புள்ள ராக் இசை) என்றாலே மெல்லோட்ரான் என்ற, நாடாவில் பதிந்த ஒலிகளை எழுப்பும் கீபோர்டு, சிம்பொனி, தேவதைக் கதை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இத்தாலியக் குழுவான ஆரேயாவின் முதல் ஆல்பம், 1973இல் வந்த ‘ஆர்பைட் மாஹ்ட் ஃப்ரை’, அந்த வகையறாவே இல்லை. தலைப்பே நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாம் வாசலில் இருந்த வாசகம்: ‘உழைப்பு விடுதலை தரும்’. வெளியிட்டது மிலானின் சுயாதீன நிறுவனமான கிராம்ப்ஸ். அதை நடத்திய ஜான்னி சாஸ்ஸியே ‘ஃப்ராங்கென்ஸ்டைன்’ என்ற புனைபெயரில் பாடல்களும் எழுதினார். முதல் பதிப்போடு அட்டைத் துப்பாக்கி ஒன்றும் கொடுத்தார்கள்! இன்று எந்த நிறுவனம் துணியும்?

முதல் பாட்டு அரபியில் ஒரு பெண் பேசுவதோடு தொடங்கும். பிறகு பால்கன் நாட்டார் மெட்டின் சாயல், சமமாகப் பிரியாத தாளம், நடுவே ஃப்ரீ ஜாஸ் (கட்டுப்பாடில்லாமல் மனோதர்மமாக வாசிக்கும் ஜாஸ்) ரகளை.

ஆனால் என்னைக் கேட்டால், ஆல்பத்தின் உயிர் குழுவின் பாடகர் டெமெட்ரியோ ஸ்ட்ராடோஸின் குரல்தான். எகிப்தின் அலெக்சாந்திரியாவில் கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர். அவருக்குக் குரல் என்பது பாட்டுக்குத் துணை அல்ல, தனி வாத்தியம். பின்னாளில் ஒரே தொண்டையில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சுரங்கள் எழுப்பும் அளவுக்குப் போனார். 1979இல், 34 வயதில் இறந்துவிட்டார்.

முதல்முறை கேட்கும்போது எரிச்சல் வரலாம். எனக்கும் வந்தது. மூன்றாம் முறை ஹெட்ஃபோனில் கேளுங்கள்.