போன் வாசிச்சா பையன் படிச்ச மாதிரி ஆயிடுமா?

அக்கா, என் பையனுக்கு பிறவியிலேயே பார்வை இல்ல. ஒன்பதாவது படிக்கிறான். கணக்குன்னா உயிரு. பிளஸ் ஒன்னுக்கு வரலாறு குரூப்தான் சரிப்படும்னு ஸ்கூல்ல சொல்றாங்க. எந்த குரூப்ல சேக்கட்டும்? அவன் சொல்லச் சொல்ல பரிட்சை எழுதற ஸ்க்ரைப் எப்படி வாங்கறது? இப்ப போனே எல்லாத்தையும் வாசிச்சுடுது, அதனால விரலால தொட்டுப் படிக்கற பிரெய்லை விட்டுட்டான்.
— ஒரு அப்பா

தம்பி,

ஸ்க்ரைப்புக்கு எச்எம் கிட்ட இப்பவே எழுதிக் குடுத்துருங்க, மூணு மணி நேர பரிட்சைக்கு ஒரு மணி நேரம் கூடுதலா உண்டு. குரூப் பேச்சுக்கு இன்னும் நாள் இருக்கு. உங்க கடைசி வரிதான் என்னைத் தூங்க விடல. பிரெய்லை விட்டுட்டான்னு எவ்ளோ சாதாரணமா எழுதிட்டீங்க! கண்ணு தெரியற பிள்ளை கிட்ட இருந்து புத்தகம், நோட்டு, பேனா எல்லாத்தையும் புடுங்கிட்டு ரேடியோவ குடுத்து இதக் கேட்டே படிச்சுக்கடான்னு சொல்வீங்களா?

காலேஜ் ஹாஸ்டல்ல பார்வை இல்லாத ஒரு அக்காவுக்கு நான் ஸ்க்ரைபா போவேன். "ஒளி"ன்னு சொல்லிட்டு எந்த ளி போட்டேன்னு கேப்பாங்க. அவங்க அந்த எழுத்த சின்ன வயசுலயே விரலால தொட்டுப் படிச்சவங்க. உங்க பையனுக்கு போன் வாசிக்கறப்ப ந-வும் ன-வும் ஒரே சத்தம், எங்க எது வரும்னு காதால எப்படி தெரியும்?

கணக்குல இன்னும் மோசம். "எக்ஸ் கூட்டல் ஒன்னு பை ரெண்டு"ன்னு போன் சொன்னா ரெண்டால வகுக்கறது எக்ஸையும் சேத்தா இல்ல ஒன்ன மட்டுமா? கணக்குக்குன்னே இருக்கற நெமத் பிரெய்ல் முறையில பின்னம் எங்க தொடங்குது எங்க முடியுதுன்னு ரெண்டுக்கும் தனித்தனி குறி இருக்கு, விரல் பட்டதும் தெரிஞ்சிடும், முந்தின வரிக்கு திரும்பிப் போய் தப்பு எங்கன்னு தேடலாம். இத உண்டாக்கின ஆப்ரகாம் நெமத் அமெரிக்காக்காரர், அவரும் பிறவியிலேயே பார்வை இல்லாதவர்தான். கணக்கு உனக்கு ஒத்து வராதுன்னு சொல்லி அவரையும் சைக்காலஜி படிக்க வச்சாங்க. அப்புறம் கணக்குக்கே திரும்பி வந்து, தனக்குத் தேவைப்பட்டதுக்காக தானே செஞ்ச முறை அது, 1952ல வெளியாச்சு. அவர் பின்னாடி யூனிவர்சிட்டில கணக்கு புரொபசரா இருந்தார். உங்க ஸ்கூல்ல வரலாறு குரூப்னு சொல்றவங்க கிட்ட இதச் சொல்லுங்க. பையனோட ஆசைய இவ்ளோ சுலபமா விட்டுக் குடுக்காதீங்க, எனக்கு கோவமே அதுலதான்.

போன புடுங்கச் சொல்லல. கதை, நியூஸ் எல்லாம் கேக்கட்டும். ஆனா ஒரு பிரெய்ல் ஸ்லேட்டும் (பேப்பர வச்சுப் புள்ளி குத்தற சட்டம்), ஸ்டைலஸும் (குத்தற ஊசி) வாங்கி அவன்கூட நீங்களும் உக்காருங்க. ஒரு கட்டத்துல இருக்கறது ஆறே புள்ளி, நீங்க கண்ணால பாத்தே கத்துக்கலாம். ஸ்லேட்டுல வலது பக்கம் இருந்து இடது பக்கமா குத்தணும், பேப்பர திருப்பினா இடமிருந்து வலமா வாசிக்க வரும், மொதல்ல குழம்பும், பரவால்ல, அவன் உங்களுக்கு சொல்லித் தருவான். தமிழுக்கு பாரதி பிரெய்ல் (இந்திய மொழிகளுக்கான பிரெய்ல் முறை) 1951லேர்ந்தே இருக்கு, அவனுக்கு மறந்திருக்காது, விரல் கொஞ்சம் மந்தமாயிருக்கும், அவ்ளோதான்.

இப்ப எந்தக் கணக்குல மாட்டிக்கிட்டு நிக்கறான்னு அவனையே கேட்டு எழுதுங்க தம்பி.